வேலைப் பெயர்

“அந்தப் பேர்ல இங்கே யாரும் இல்லைங்க.”

நான்காவது தடவையாக அதே பதில். எரெண்டிரா கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, எதிரில் நின்ற ஆளின் பிறந்த தேதியைப் படிவத்தில் எழுதினாள்.

“இன்னொரு தடவை பாருங்க. இலாரியோ வரோக்கோ. நாப்பத்தொரு வயசு. செவ்வாய்க்கிழமை காலைல ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போனாங்க. கூட யாரும் வரக்கூடாதுன்னுட்டாங்க.”

மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம். “இல்லைங்க. வேற ஆஸ்பத்திரியில கேட்டுப் பாருங்க.”

வேறு ஆஸ்பத்திரிகளிலும் கேட்டாகிவிட்டது. பக்கத்தில் இருந்த மூன்றிலும் அவள் அண்ணன் இல்லை.

வியாழக்கிழமை, பகல் பதினொரு மணி. மாதா கோயிலின் வண்டி நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே ஒரு மடக்கு மேசை. கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் ஜூலை மாத வெயில் தார்ப்பாயை மதிக்கவில்லை. வரிசையில் முப்பது பேர். எல்லோரும் திராட்சைத் தோட்டத்து ஆட்கள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன.

எதிரில் நின்றவர் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “எந்தப் பேரும்மா எழுதணும்? வேலைப் பேரா, வீட்டுப் பேரா?”

அந்த வரிசையில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாத கேள்வி. தோட்டத்துக்கு ஒரு பெயர். அது குடியுரிமைக் காகிதம் உள்ள யாரோ ஒருத்தருடையது, இரவல். வீட்டுக்கு ஒரு பெயர். அது ஞானஸ்நானத்தில் வைத்தது.

“வீட்டுப் பேரையே எழுதுங்கய்யா. இந்தத் தாள் சுகாதார ஆபீசைத் தவிர எங்கயும் போகாது. யாரும் காகிதம் கேக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வீட்டுப் பேரையே சொல்லுங்க.”

மார்ச் மாதத்திலிருந்து வீடு வீடாகப் போய் அவள் சொல்லிக்கொண்டிருக்கும் வசனம் இது. அவளுடைய வேலையே இதுதான். சோப்பும் முகக்கவசமும் கொண்டுபோய்க் கொடுப்பது, கொரோனா சோதனைக்கு அழைத்து வருவது, பயத்தைப் போக்குவது. மூன்றில் கடைசிதான் கஷ்டம்.

அவர் சோதனைக்கு நகர்ந்ததும் அண்ணிக்குப் போன் போட்டாள்.

“அண்ணி, அங்கயும் இல்லையாம்.”

“அப்ப எங்கதான் கொண்டுபோனானுங்க? வானத்துக்கா?” ஒப்துலியாவின் குரல் கரகரத்தது. பதினான்கு நாள் டிரெய்லர் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று அவளைப் பூட்டி வைத்ததே எரெண்டிராதான்.

“ஆஸ்பத்திரியிலேருந்து உங்களுக்குப் போனே வரலையா?”

“ஆஸ்பத்திரி போன் ஒண்ணும் வரல. வேற ஒருத்திதான் ரெண்டு நாளா உயிரை வாங்குறா. இங்கிலீஷ்காரி. நேத்து மூணு தடவை, இன்னைக்குக் காலைல ஒரு தடவை. நிக்கானோர் வீடா, நிக்கானோர் வீடாங்கறா. அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லிப் பட்டுனு வெச்சுட்டேன். நீ சொல்லிக் குடுத்த மாதிரியே.”

எரெண்டிராவின் பேனா நின்றது.

நிக்கானோர் பூசியோ, ஒப்துலியாவின் தம்பி. அப்பா அம்மா திராட்சை பறிக்க வந்த வருஷம் கலிபோர்னியாவில் பிறந்தவன். ஒப்துலியா அதற்கு இரண்டு வருஷம் முன்னால் மெக்சிகோவில், மிச்சோவகானில் பிறந்தவள். அந்த ஒரு வித்தியாசத்தில் தம்பிக்குக் காகிதம் இருந்தது, அக்காவுக்கு இல்லை. தம்பி பேக்கர்ஸ்ஃபீல்டில் லாரி ஓட்டுகிறான். அவன் பெயரில் பதினோரு வருஷமாக இங்கே திராட்சை பறித்தவன் இலாரியோ. சம்பளச் சீட்டு, தோட்டத்து அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாவற்றிலும் இலாரியோவின் முகம், மச்சானின் பெயர்.

“சம்பளச் சீட்டைப் பார்த்தா உன் அண்ணி கூடப் பொறந்தவனையே கட்டிக்கிட்டவ” என்று சொல்லிவிட்டு இலாரியோ தானே சிரிப்பான். ஒப்துலியா கையில் இருப்பதை எடுத்து எறிவாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் குடியேற்ற அதிகாரிகள் தேடி வந்துகொண்டிருந்த சமயம் எரெண்டிரா இதே டிரெய்லர்களுக்கு இதே நடையில் வந்து ஒரு பாடம் நடத்தியிருந்தாள். தெரியாத நம்பரா? அப்படி யாரும் இல்லைன்னு சொல்லி வெச்சுடுங்க. கதவைத் தட்டுறாங்களா? திறக்காதீங்க. இந்த மார்ச்சில் வந்து அதை மாற்றினாள். தெரியாத நம்பர் வந்தா எடுங்க, டாக்டரா இருக்கும். முதல் பாடம் ஜனங்களுக்கு நன்றாகப் பதிந்திருந்தது.

ஐந்தாவது தடவையாக அதே ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். “நிக்கானோர் பூசியோ.”

உடனே கிடைத்தார்.

“தீவிர சிகிச்சைப் பிரிவு. நீங்க யாரு? ரெண்டு நாளா இவர் வீட்டைத் தேடிட்டு இருக்கோம்.”

* * *

டிரெய்லரின் ஜன்னலுக்கு வெளியே எரெண்டிரா நின்றாள். உள்ளே ஒப்துலியா. நடுவில் கொசுவலை. இருவரும் பார்க்கிற மாதிரி கைப்பேசியை வலைக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள்.

திரையில் ஒரு நர்ஸ். கண்ணாடி முகத்தடுப்புக்குப் பின்னால் பாதி முகம். மாரிசெல் என்று சொன்னாள்.

“நேத்து சாயங்காலம் குழாய் போட்டோம். நுரையீரல் ரெண்டும் போயிடுச்சு. டாக்டர் இன்னைக்குத் தாண்டாதுன்னு சொல்றார்.” செய்தி சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். “முழிச்சிருந்தப்ப அவர்தான் நம்பர் எழுதிக் குடுத்தார். போட்டா அப்படி ஆளே இல்லைன்னு வெச்சுடறாங்கன்னு அவர்கிட்டே சொன்னேன். சிரிச்சார். ஏன் சிரிச்சார்னு எனக்குப் புரியல.”

ஒப்துலியா வலைக்குப் பின்னால் சமையலுக்குக் கட்டியிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பேருல குழப்பம்னு அவர் எதுவும் சொல்லலையா?” என்று எரெண்டிரா கேட்டாள்.

“பேச மூச்சு எங்கே இருந்தது?”

மாரிசெல் திரையைத் திருப்பினாள். குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு பக்க முகம், வீங்கிய இமை, டேப் ஒட்டிய வாய். கழுத்தில் வெயில் கறுத்த கோடு மட்டும் இலாரியோவுடையதாக இருந்தது.

“மிஸ்டர் நிக்கானோர்!” நர்ஸ் அவன் காதருகே உரக்கக் கூப்பிட்டாள். “நிக்கானோர்! உங்க வீட்டுல இருந்து வந்திருக்காங்க!”

ஒன்றும் அசையவில்லை.

“நிக்கானோர்!”

“அந்தப் பேரைச் சொல்லாதீங்க” என்றாள் எரெண்டிரா.

“ஏன்?”

“இலாரியோன்னு கூப்பிடுங்க.”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். “செல்லப் பேரா?”

ஒப்துலியா வலைக்குப் பின்னால் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பலமாக, இரண்டு தடவை.

“ஆமா” என்றாள் எரெண்டிரா. “செல்லப் பேருதான்.”

மாரிசெல் மறுபடி குனிந்தாள். “இலாரியோ. இலாரியோ, உங்க தங்கச்சி. உங்க மனைவி.”

நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்த மாதிரி இருந்தது. விழுந்ததா, நர்ஸின் கை ஆடியதா என்று சொல்ல முடியாது. ஒப்துலியா ஜெபமாலையை ஆரம்பித்தாள். மாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது கைப்பேசி சூடேறி அணைந்தது. எரெண்டிரா காருக்கு ஓடி, குளிர்காற்று வரும் துளைக்கு முன்னால் அதைப் பிடித்து, உயிர் வந்ததும் திரும்பி ஓடி வந்தாள்.

மூன்று இருபதுக்கு மாரிசெல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னாள். யாரிடமோ. அவர்களிடம் இல்லை.

உள்ளே அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. ஒப்துலியா போய் அணைத்துவிட்டு, திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள். கொசுவலையில் ஒரு பக்கம் அவள் விரல்கள். இன்னொரு பக்கம் எரெண்டிராவின் விரல்கள். தொடவில்லை. தொடக்கூடாது.

* * *

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

“நிக்கானோர் பூசியோ. பிறந்த இடம் கலிபோர்னியா. இறப்புப் பதிவுக்கு விவரமெல்லாம் கம்ப்யூட்டரே எடுத்துக் குடுத்துடுச்சு. மனைவி சரின்னு சொன்னாப் போதும். எங்ககிட்டே இடமில்லை, நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உடலை எடுத்தாகணும். எடுத்துட்டா அந்தப் பேர்ல பதிவாகிடும். அப்புறம் மாத்தறது என் கையில இல்லை.”

“கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன்” என்று எரெண்டிரா வைத்தாள்.

“சரின்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?” என்றாள் ஒப்துலியா.

“அண்ணி, நிக்கானோர் உயிரோட இருக்கான்.”

“இருக்கட்டும். காகிதத்துல செத்தா வலிக்காது.”

“அண்ணனுக்கு? சாம்பலை ஊருக்கு அனுப்பணும்னா தூதரகத்துல சொந்தப் பேருக்குச் சான்றிதழ் கேப்பாங்க. இல்லைன்னா இங்கேயே ஒரு மூலையில, நிக்கானோர் பூசியோன்னு எழுதின பெட்டியில கிடப்பான். எங்கம்மா யாருக்குப் பூசை வெக்கச் சொல்லுவா?”

“உண்மையைச் சொன்னா நாளைக்கு இந்தக் கதவைத் தட்டுவாங்க. அவர் இல்லை, அடுத்தது நான்.” ஒப்துலியா வலைக்கு நெருங்கி வந்தாள். “போனை வெச்சுடுன்னே, வெச்சேன். அப்புறம் எடுன்னே. கதவைத் திறக்காதேன்னே. இப்பத் திறங்கறே. எந்தப் பாடத்தைடி நான் படிக்கிறது?”

எரெண்டிரா கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

அடுத்த டிரெய்லரின் படியில் உட்கார்ந்திருந்த பெத்ரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அறுபது வயது. போர்வை போர்த்தியிருந்தாள், அந்த வெயிலில்.

“எரெண்டிரா, உங்கண்ணனை எந்தப் பேர்ல வெச்சிருந்தாங்க?”

“போர்வை எதுக்கு? காய்ச்சலா?”

“நேத்துலேருந்து. பேச்சை மாத்தாதே. எந்தப் பேரு?”

“வேலைப் பேரு.”

“ம்.” பெத்ரா போர்வையை இழுத்துக்கொண்டாள். “ஊருக்கெல்லாம் வீட்டுப் பேரைச் சொல்லச் சொன்னே. உன் வீட்டுலயே யாரும் கேக்கல.”

“நீங்க உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். நான் கொண்டுபோய் விடறேன். உங்க சொந்தப் பேரைச் சொன்னா ஒண்ணும் ஆகாது.”

“முதல்ல உங்கண்ணனுக்குச் சொல்லிக் காட்டு” என்றாள் பெத்ரா. “ஒண்ணும் ஆகலைன்னா நானும் வரேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எரெண்டிரா ரத்த ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை அவளிடம் தூக்கிப் போட்டாள். தொண்ணூற்று மூன்று. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று அர்த்தம். நிறைய நேரம் இல்லை என்றும்.

காரில் உட்கார்ந்து நிக்கானோருக்குப் போட்டாள். அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். மச்சான் செத்த செய்தியைச் சொன்னாள். லாரி ஓரமாக ஒதுங்கி நிற்பது கேட்டது. பெயர் விஷயத்துக்கு வந்ததும்தான் பேசினான்.

“ஆக நான் மூணு இருபதுக்குச் செத்துட்டேன்.”

“இன்னும் இல்லை. நாளைக்குப் பத்து மணிக்கு.”

“நல்ல வேளை. சாப்பிட நேரம் இருக்கு.” சிரிக்கவில்லை. “இதைக் கேளு எரெண்டிரா. சும்மா இருந்தா நான் செத்தவன். லைசென்ஸ் போச்சு, லாரி போச்சு. பேசினா, பதினோரு வருஷம் ரெண்டு ஊர்ல எப்படிடா வேலை பார்த்தேன்னு கேப்பாங்க. ஜெயில். நீயே சொல்லு, எது தேவலை?”

“உன் லைசென்ஸோட நீ நேர்ல வந்து நின்னாத்தான் உள்ள இருக்கறது நீ இல்லைன்னு நம்புவாங்க.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“நிக்கா, பத்து மணி.”

அவன் வைத்துவிட்டான். அதற்கப்புறம் எடுக்கவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு டிரெய்லர் வாசலில் ஒரு வெள்ளை பிக்கப் வண்டி வந்து நின்றது. நிக்கானோர் இறங்கினான். சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போகிற சட்டை போட்டிருந்தான்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்து ஒப்துலியா பார்த்தாள். “வந்துட்டியா, செத்தவனே.”

“வந்துட்டேன்க்கா. பேரைத் திருப்பி வாங்கிட்டுப் போக.”

“பதினோரு வருஷம் வாடகை இல்லாமக் குடுத்தே. இப்ப என்ன அவசரம்?”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளும். நடுவில் பத்தடி தூரம்.

உடலை எடுக்க மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று, மறுபடி கூப்பிட்டபோது ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். அவளை வெளியே விடக்கூடாது என்பது எரெண்டிரா போட்ட சட்டம். ஐந்து நிமிஷம் யோசித்து, பிக்கப்பின் பின்பக்கத்தைக் காட்டினாள். திறந்த தட்டு. காற்று அடிக்கும். யாருக்கும் ஒட்டாது. ஒரு திராட்சைக் கூடையைக் கவிழ்த்துப் போட்டார்கள். வருவாளா என்று அவள் நிச்சயமாக நினைக்கவில்லை. கதவு திறந்தது. ஒப்துலியா கறுப்புச் சட்டையில், இரண்டு முகக்கவசத்தோடு வந்து, யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இலாரியோவின் பழைய மெக்சிகோ வாக்காளர் அட்டை. இருபத்தேழு வயது முகம். காலாவதியாகிப் பல வருஷம்.

பெத்ரா போர்வையோடு படியில் இருந்து பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு கூடாரம். அதில் ஒரு மேசை, பிளாஸ்டிக் தடுப்பு, அதற்குப் பின்னால் நேற்றுப் பேசிய பெண். நரைத்த கூந்தல், சிவந்த கண்கள். வண்டி நிறுத்துமிடம் முழுக்கக் கார்கள். எல்லாவற்றிலும் குடும்பங்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தங்கள் முறைக்காக.

மணி எட்டு ஐம்பது.

நிக்கானோர் லைசென்ஸைத் தடுப்புக்குக் கீழே தள்ளினான். அவள் அட்டையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

“முகக்கவசத்தை ஒரு நிமிஷம் இறக்குங்க.”

இறக்கினான்.

“நீங்க உயிரோட இருக்கீங்க.”

“நேத்து ராத்திரி வரைக்கும் எனக்கே சந்தேகமா இருந்துச்சுங்க.”

அவள் சிரிக்கவில்லை. “அப்ப உள்ளே இருக்கறது யாரு?”

எரெண்டிரா வாக்காளர் அட்டையை வைத்தாள். அதன் மேல் ஒரு தாளை வைத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் மேசையில் அவளே எழுதிய சோதனைத் தாள். இலாரியோ வரோக்கோ, பிறந்த தேதி, போன் நம்பர், கீழே சுகாதார ஆபீஸின் முத்திரை: தொற்று உள்ளது. இந்தத் தேசத்தில் அவன் பெயருக்கு இருந்த ஒரே காகிதம் அதுதான். எங்கேயும் போகாது என்று அவள் எல்லோருக்கும் சத்தியம் செய்த தாள். தங்கை என்பதால் எடுத்து வந்தாள். அது சரியா என்று பிறகு யோசிக்கலாம்.

அந்தப் பெண் அட்டையில் இருந்த முகத்தையும், தாளில் இருந்த போன் நம்பரையும் திரையில் இருந்தவற்றோடு ஒப்பிட்டாள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு நிக்கானோர் பக்கம் சாய்ந்தாள்.

“இவர் உங்க பேரைத் திருடிட்டார். அப்படி எழுதிக்கட்டுமா? எழுதினா உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. இறந்தவர்கிட்டே யாரும் கேள்வி கேக்கப் போறதில்லை.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவியாகத்தான் சொன்னாள்.

எரெண்டிரா அவனைப் பார்க்கவில்லை. மேசையின் விளிம்பில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பைப் பார்த்தாள். அவன் திரும்பி, வண்டி நிறுத்துமிடத்தின் கோடியில் நின்ற பிக்கப்பைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. கவிழ்த்த கூடையில் ஒரு கறுப்புச் சட்டை.

“திருடல” என்றான் நிக்கானோர். “நான்தான் குடுத்தேன்.”

பேனா அப்படியே நின்றது.

அந்தப் பெண் லைசென்ஸையும் வாக்காளர் அட்டையையும் சோதனைத் தாளையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வண்டியில இருங்க. கூப்பிடறேன்.”

உள்ளே போனாள். லைசென்ஸோடு.

ஒன்பது பத்து. ஒன்பது இருபது. நிக்கானோர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான். எரெண்டிரா நாலடி தள்ளி, பிக்கப்பின் நிழலில் நின்றாள்.

“யாருக்கோ போன் பண்றா” என்றான்.

“தெரியாது.”

“லைசென்ஸை எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?”

“நகல் எடுக்க இருக்கும்.”

“நகல் எடுக்க அரை மணி நேரமா? உங்க ஊர் மிஷினு அவ்வளவு சோம்பேறியா?”

பின்னாலிருந்து ஒப்துலியா கேட்டாள். “என்னடா சொன்னே அவகிட்டே?”

“ஒண்ணும் இல்லைக்கா. பேரைச் சொன்னேன்.”

ஒன்பது நாற்பதுக்குக் கதவு திறந்தது. வந்தது அந்தப் பெண் இல்லை. சீருடை போட்ட ஆள். இடுப்பில் வயர்லெஸ். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, வரிசை வரிசையாகக் கார்களைப் பார்த்தான். பார்வை பிக்கப்பில் வந்து நின்றது.

நிக்கானோரின் கை சாவிக்குப் போனது.

“வேண்டாம்” என்றாள் எரெண்டிரா.

“லைசென்ஸ் போனா போகட்டும். அக்கா பின்னாடி உக்காந்திருக்கா.”

“நிக்கா, வேண்டாம்.”

இன்ஜின் முனகி ஓட ஆரம்பித்தது. சீருடைக்காரன் வழியில் கிடந்த ஆரஞ்சுக் கூம்பைத் தூக்கி ஓரமாக வைத்தான். கதவைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் அந்தப் பெண் வெளியே வந்தாள். கையில் ஒரு எழுதும் அட்டை, அதில் செருகிய தாள். கூடாரத்தின் விளிம்பு வரைக்கும் வந்து, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, தாளைப் பார்த்தாள்.

“இலாரியோ…” தடுமாறினாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து, உரக்க. “இலாரியோ வரோ… வரோக்கோ! இலாரியோ வரோக்கோ குடும்பம், யாரு?”

கார்களில் இருந்த முகங்கள் திரும்பின. அந்தப் பெயர் அந்த நிறுத்துமிடம் முழுக்கக் கேட்டது.

பதில் சொல்லலாம் என்று எரெண்டிரா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு, பிக்கப்பின் பக்கம் திரும்பினாள்.

ஒப்துலியா கூடையை விட்டு எழுந்திருந்தாள். இரும்புத் தட்டின் மேல், வெயிலில், எல்லோருக்கும் தெரியும் உயரத்தில் நின்றாள். ஒரு கையால் வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினாள்.

ஆபீஸ் பெண் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். அட்டையை எடுத்துக்கொண்டு கார்களுக்கு நடுவே வர ஆரம்பித்தாள்.

ஒப்துலியா கையை இறக்கவில்லை.